பூச்சு பூசுகிறவர் எங்கே நிற்பார்?

எல்லையை ஒட்டி ஓர் அறை எடுக்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால், எத்தனை சதுர அடி என்று நான் கேட்பதில்லை. அந்தப் பக்கச் சுவருக்கு வெளிப்பூச்சு பூசுகிறவர் எங்கே நிற்பார் என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வராது. "பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ரெண்டு நாள் அவங்க பக்கம் நின்னு பூசிக்கலாம்" என்றார் ஒருவர். சரி, பூசிக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பூச்சு பொரிந்து உதிரும்போது அந்த வீடு வேறு கைக்கு மாறியிருந்தால்? வந்தவரும் நல்ல மனுஷனாக இருக்க வேண்டுமென்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. எங்கள் மேஸ்திரி கேட்டது.

அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனதும், கீழே ஓர் அறையும் அதோடு சேர்த்து ஒரு குளியலறையும் எடுப்பது என்று முடிவாயிற்று. இடமிருந்தது பக்கவாட்டில் மட்டும்தான். பொறியாளர் போட்டுத் தந்த முதல் வரைபடத்தில் புதுச் சுவர் காம்பவுண்டை உரசிக்கொண்டு நின்றது. என் கணவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நடக்க இடம் கிடைக்கும், பிறகு தேவைப்பட்டால் சக்கர நாற்காலியும் திரும்பும். மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "ஏம்மா, இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட பூச்சு யாரு பூசுறது? நான் எங்க நிக்கிறது?"

உள்ளே நின்றபடியே கல்லை அடுக்கிக்கொண்டு போகலாம், அது முடியாத வேலை இல்லை. ஆனால் வெளிமுகத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் இடையே கலவை பிதுங்கி நிற்கும். அதை வழித்துவிட யாரும் இருக்கமாட்டார்கள். சில இடத்தில் பிதுங்கும், சில இடத்தில் கலவையே வெளிமுகம்வரை வந்து சேராது, இடுக்கு அப்படியே இருக்கும். மழை சாய்ந்து அடிக்கும்போது அந்த இடுக்குகள் வழியாகத் தண்ணீர் இறங்கும், செங்கல் குடிக்கும். உள்ளே பெயின்ட் கொப்பளித்து வெள்ளையாக உப்புப் பூக்கும். அப்புறம் உள்பக்கம் எந்தக் கம்பெனி வாட்டர்ப்ரூஃப் அடித்தாலும் பணம்தான் போகும், ஈரம் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். வெளிப்பூச்சு இல்லாத சுவரைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: அதன் உள்பக்கம் நம்முடையது, வெளிப்பக்கம் யாருடையதும் இல்லை.

சாரம் கட்டி, பலகை போட்டு, கலவைச் சட்டியை வைத்துக்கொண்டு, மட்டப்பலகையை மேலும் கீழும் இழுத்துச் சுவரைச் சமன் செய்ய ஓர் ஆளுக்கு இரண்டரை அடியாவது வேண்டும் என்றார் மேஸ்திரி. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: கி.மு. 450 வாக்கில் ரோமானியர்கள் எழுதிவைத்த பன்னிரண்டு பலகைச் சட்டத்திலும் கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடம் இரண்டரை அடி என்றுதான் இருந்ததாம். அவர்கள் எதற்காக விட்டார்களோ தெரியாது, நிற்கிற ஆளின் அகலம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். நாங்கள் மூன்றடி விட்டோம். உங்கள் ஊர் விதி அதற்கு மேல் கேட்டால் அதை விட்டே ஆகவேண்டும். குறைவாகக் கேட்டாலும் ஆள் நிற்கிற இடத்தில் கைவைக்காதீர்கள். அறை சுருங்கியதில் என் கணவருக்கு வருத்தம்தான். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம்.

மூன்றடி என்றால் எதிலிருந்து மூன்றடி? இங்கேதான் பல வீடுகளில் சண்டை பிறக்கிறது. எல்லாரும் காம்பவுண்டு சுவரிலிருந்து டேப்பைப் பிடிக்கிறார்கள். காம்பவுண்டு என்பது என்றோ ஒருநாள் யாரோ ஒரு கொத்தனார் கட்டிய சுவர், அவ்வளவுதான். அதைக் கட்டியவர் தன் இடத்துக்குள் முழுசாகக் கட்டியிருக்கலாம், எல்லைக்கோட்டின் மேல் பாதிப் பாதியாக நிறுத்தியிருக்கலாம், கோணலாகவும் போயிருக்கலாம். எங்கள் காம்பவுண்டு முன்பக்கம் சரியாக இருந்தது. சர்வேயர் வந்து மூலைக்கல்லைத் தேடிப் பிடித்து, இரண்டு முனைக்கும் நூல் கட்டியபோது, பின்பக்கம் போகப்போகச் சுவர் எங்கள் இடத்துக்குள்ளேயே ஐந்து அங்குலம் வாங்கியிருந்தது. அதாவது அந்த ஐந்து அங்குலத் துண்டு எங்களுடையது, அனுபவிப்பது அவர்கள்.

பக்கத்து வீட்டு அண்ணா நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கொஞ்சம் மாறிவிட்டது. அந்தத் துண்டில் அக்கா கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார். "அண்ணா, அதை நாங்க கேக்க வரலை, எங்க அளவைக் கோட்டுலேருந்து எடுத்துக்கிறோம், காம்பவுண்டு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்" என்றேன். அவர் தலையாட்டினார். அதோடு விடவில்லை நான். அளந்த அன்றே, நூல் எங்கே போகிறது, சுவர் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்து, எல்லை நூல்தான், சுவர் அல்ல என்று கீழே எழுதி, இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம். நல்ல உறவு இருக்கும்போதுதான் எழுதிக்கொள்ள முடியும். கெட்ட பிறகு எழுதுவது வக்கீல்.

மண்ணுக்கு மேலே இருப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். எல்லையைத் தாண்டுவது பெரும்பாலும் மண்ணுக்குக் கீழேதான். சுவர் ஒன்பது அங்குலம், தூணும் ஒன்பது அங்குலம் என்றால், தூணைத் தாங்குகிற ஃபூட்டிங் எங்களுக்கு நான்கடிக்கு நான்கடி. தூண் நடுவில் நிற்க வேண்டுமானால் அந்தப் பக்கம் ஒன்றரை அடிக்கு மேல் காங்கிரீட் நீட்டிக்கொண்டு இருக்கும். சுவரை எல்லையிலேயே வைத்திருந்தால் அந்த ஒன்றரை அடியும் அண்ணா வீட்டு மண்ணுக்குள் போயிருக்கும். மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கடப்பாரை காங்கிரீட்டில் போய் 'ணங்' என்று மோதும், அன்றைக்குத் தெரியும்.

சரி, நம் பக்கத்துக்குள்ளேயே நிறுத்த அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் என்ன? அப்போது தூண் ஃபூட்டிங்கின் விளிம்பில் நிற்கும். பாரம் நடுவில் இறங்காமல் ஓரத்தில் இறங்கும். ஓரத்து மண் அதிகமாக அமுங்கும், ஃபூட்டிங் சாயப் பார்க்கும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. உள்பக்கத்தில் இருக்கிற அடுத்த தூணின் ஃபூட்டிங்கோடு இதைத் தரைக்கடியில் ஒரு பீம் போட்டுப் பிணைத்துவிடுவார்கள், ஸ்ட்ராப் பீம் என்று பெயர். ஒன்று சாய முயன்றால் மற்றது இழுத்துப் பிடிக்கும். இரண்டு தூணுக்கும் சேர்த்து ஒரே ஃபூட்டிங்காகப் போடுவதும் உண்டு. எதுவானாலும் கணக்குப் போட்டுக் கம்பி அளவு சொல்லப் பொறியாளர் வேண்டும். "வழக்கமா இப்படித்தான் போடுவோம்" என்கிற பேச்சுக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் காது கொடுக்கக் கூடாது.

அடுத்தது ஆழம். எனக்குத் தூக்கம் போனது இதில்தான். ஒரு வீட்டின் பாரம் அஸ்திவாரத்துக்கு நேர் கீழே மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் விரிந்துகொண்டே இறங்கும். தோராயக் கணக்குக்கு, அஸ்திவாரத்தின் அடி ஓரத்திலிருந்து 45 பாகையில் கீழ்நோக்கிச் சாய்வாக ஒரு கோடு இழுத்துக்கொள்வார்கள். உங்கள் குழி அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டால் பயமில்லை. கோட்டை வெட்டிக்கொண்டு கீழே போனால், பக்கத்து வீட்டைத் தாங்கி நிற்கிற மண்ணைத்தான் நீங்கள் தோண்டி வெளியே போடுகிறீர்கள். இங்கிலாந்தில் 1996இல் வந்த பொதுச்சுவர்ச் சட்டம் இதையே விதியாக வைத்திருக்கிறது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதானாலும், ஆறு மீட்டருக்குள் அந்த 45 பாகைக் கோட்டைத் தொடுவதானாலும், ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் மண் அதே மண்தானே.

அண்ணா வீட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று அவருக்கே தெரியவில்லை, அவர் அப்பா காலத்தில் கட்டியது. அனுமதி கேட்டு, அவர்கள் சுவரோரம் ஒரு சின்னக் குழி மட்டும் எடுத்துப் பார்த்தோம். இரண்டரை அடியில் அடி தென்பட்டது. எங்களுக்குப் பொறியாளர் சொன்னது ஐந்தடி. வித்தியாசம் இரண்டரை அடி என்றால், அவர்கள் அஸ்திவார ஓரத்துக்கும் எங்கள் குழி விளிம்புக்கும் நடுவே இரண்டரை அடிக்குமேல் இருந்தாக வேண்டும். டேப்பில் இரண்டடிதான் தேறியது. மூன்றடி விட்டும் இந்த நிலைமை. ஒட்டிக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் கணவர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னார்.

ஆகவே ஒரே மூச்சில் ஜேசிபி விட்டு நீளமாகத் தோண்டவில்லை. அந்தப் பக்கத்து மூன்று குழிகளையும் ஆள் வைத்து, ஒன்றை எடுத்து, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, இறுகவிட்டு, சுற்றி மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு மூடிய பிறகே அடுத்ததை எடுத்தார்கள். ஒரு குழி திறந்திருக்கும்போது பக்கத்தில் இரண்டு பக்கமும் அசையாத மண் இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். வேலை இழுத்தது, கூலி ஏறியது. மழை வரும்போல் இருந்த நாட்களில் புதுக் குழி திறக்கவே கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாக இருந்தார். திறந்த குழியில் தண்ணீர் நின்றால் பக்கவாட்டு மண் இளகி, சொல்லாமல் கொள்ளாமல் சரியும்.

வானம் தோண்டுவதற்கு முன்பு செய்த ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்ணா வீட்டின் அந்தப் பக்கச் சுவரை, வெளியிலும் உள்ளேயும், அவரையும் அக்காவையும் கூட வைத்துக்கொண்டே போட்டோ எடுத்தோம். பழைய வீடு, விரிசல் இல்லாமல் இருக்குமா? சமையலறை ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஒன்று, படுக்கையறையில் லிண்டல் ஓரத்தில் ஒன்று. ஒவ்வொன்றின் முனை எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் குறுக்கே ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் தேதி. விரிசல் நீண்டால் கோட்டைத் தாண்டிப் போகும். சமையலறை விரிசல் கொஞ்சம் அகலம் என்பதால், அதன் குறுக்கே பூச்சைச் சுரண்டிவிட்டு, கட்டைவிரல் அளவுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து ஒட்டிவிட்டார் மேஸ்திரி. அது காய்ந்தால் துளியும் நெகிழாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் பளிச்சென்று கீறல் விழுந்துவிடும்.

"எதுக்கு இதெல்லாம், நாங்க என்ன கேஸா போடப்போறோம்?" என்றார் அக்கா. அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். "உங்களுக்காகவும்தான்கா, புதுசா ஒண்ணு விட்டா நாங்கதான் பண்ணோம்னு நீங்களே காட்டலாம்" என்றேன். அதற்கப்புறம் தினம் காலையில் டீ போடும்போது அந்த வெள்ளைப் பொட்டைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இடையில் ஒரு நாள் ஹாலில் விரிசல் விட்டிருக்கிறது என்று அண்ணா கூப்பிட்டார். போய்ப் பார்த்து, போனில் பழைய போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தோம். அதே விரிசல், அதே நீளம். இதுவரை யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை. போட்டோ இல்லாதிருந்தால் அந்தச் சாயங்காலம் வேறு மாதிரி போயிருக்கும். ஒட்டிய பொட்டு கடைசிவரை கீறவில்லை.

புதுச் சுவரையும் பழைய வீட்டுச் சுவரையும் கல்லைப் பல்லாகக் கோத்து இணைக்கவில்லை. பழைய வீடு அமுங்க வேண்டியதெல்லாம் அமுங்கி முடித்தது, புதியது இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் இணைப்பிலேயே பிளக்கும். நடுவில் ஓர் அங்குலம் விட்டு, நெகிழ்கிற பொருளை அடைத்து, மேலே தகடு போட்டு மூடினார்கள்.

தண்ணீர் விஷயம் அப்படிச் சுருக்கமாக முடிகிற விஷயம் இல்லை. எல்லைப் பக்கம் கட்டுகிறவர்கள் சன்ஷேடை நீட்டிவிடுகிறார்கள், அதன் நுனியிலிருந்து சொட்டுவது நேராக அடுத்த வீட்டுத் துணிக்கொடியில் விழுகிறது. கூரைத் தண்ணீர் தன் நிலத்திலோ பொது வழியிலோதான் விழ வேண்டும், அண்டை நிலத்தில் விடக் கூடாது என்று 1804இல் வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டம் ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறது. எங்கள் தளத்தின் வாட்டத்தை வீட்டு உள்பக்கமாகத் திருப்பி, எல்லைப் பக்கம் கைப்பிடிச் சுவர் எழுப்பி, தண்ணீரைக் குழாய் வழியாக முன்பக்கம் இறக்கினோம். அது போதாது. பேஸ்மட்டத்தை உயர்த்தும்போது சந்தின் தரையையும் சேர்த்து மேடாக்கிவிடுவது இன்னொரு பழக்கம். பூமியில் விழுகிற மழை பள்ளத்துக்குத்தானே ஓடும், பள்ளம் பக்கத்து வீடு. சந்தின் தரையை நாங்கள் உயர்த்தவே இல்லை. காம்பவுண்டை ஒட்டாமல் எங்கள் சுவர் பக்கம் ஒரு வாய்க்கால் வைத்தோம்.

ஜன்னலுக்குத்தான் நீண்ட பேச்சு நடந்தது. அப்பாவுக்குக் காற்று வேண்டும். அக்காவுக்குச் சமையலறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அதே பிரெஞ்சுச் சட்டம் எல்லையை நேராகப் பார்க்கிற ஜன்னலுக்கு 1.9 மீட்டர் கேட்கிறது, எங்களிடம் அதில் பாதிதான் இருந்தது. பெரிய ஜன்னலை முன்பக்கச் சுவருக்கு மாற்றினோம். எல்லைப் பக்கச் சுவரில், நிற்கிற ஆளின் கண்ணுக்கு மேலே, அகலமாக ஒரு வென்டிலேட்டர். காற்று குறுக்கே ஓடுகிறது, பார்வை போகவில்லை. அண்ணாவுக்கு வெளிச்சத்தைப் பற்றிக் கவலை இருந்தது. அவர்கள் சமையலறைக்குப் பகல் வெளிச்சம் எங்கள் சந்து வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் 1832ஆம் வருஷச் சட்டமும் இந்தியாவின் 1882ஆம் வருஷ வசதியுரிமைச் சட்டமும் 20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கு உரிமை உண்டு என்கின்றன. அண்ணா சட்டம் பேசவில்லை. "மத்தியானத்துலயே லைட் போட வேண்டி வருமே" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கச் சுவர் உயரத்தைக் குறைக்க வழியில்லை. அதற்குப் பதிலாகச் சந்துப் பக்கம் முழுவதும் வெள்ளை அடித்தோம், கைப்பிடிச் சுவரைத் தண்ணீர் தாங்கும் அளவுக்கு மட்டும் வைத்து அதற்கு மேல் கம்பி போட்டுவிட்டோம். முன்பு இருந்த வெளிச்சம் இப்போது இல்லை, மத்தியானம் லைட் போடாமல் சமைக்க முடிகிறது என்கிறார் அக்கா. இதில் அவர்கள் விட்டுக்கொடுத்ததுதான் அதிகம், அதை நான் மறைக்க மாட்டேன்.

பூச்சு அன்று மேஸ்திரி சந்துக்குள் சாரம் கட்டி, கால் வைக்கப் பலகை போட்டு, சுவரைத் தண்ணீர் விட்டு நனைத்து, மேலிருந்து கீழாகப் பூசிக்கொண்டு வந்தார். மட்டப்பலகையை இழுக்கும்போது அவர் முதுகு காம்பவுண்டில் இடிக்கவில்லை, இரண்டு சாண் மிச்சம் இருந்தது. இப்போது அந்தச் சந்தில் நான் வாய்க்காலைக் கூட்டப் போகிறேன், பிளம்பர் குழாய் பார்க்கப் போகிறார், யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஏசி மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை. வெளி யூனிட்டைச் சந்தில் மாட்டினால் சூடான காற்று நேராக அக்கா ஜன்னலுக்குப் போகும், ராத்திரி சத்தமும் கேட்கும். மாடியில் வைத்தால் செம்புக் குழாய் நீளமாக ஓட வேண்டும், கொஞ்சம் குளிர்ச்சி குறையும் என்கிறார் மெக்கானிக். அப்பா ஃபேனே போதும் என்கிறார். கோடை வரட்டும், பார்க்கலாம்.